சுணக்கம் என்னும் சொல்லும் பொருளும்: கிள்ளான் பள்ளத்தாக்கின் இருப்புப்பாதை முதல் எண்வழி எந்திரம் வரை



மொழியியல் பயின்று, மொழியியல் கற்பித்து ஓய்வுபெற்ற நாம், எந்திரங்களைப் பற்றி உரையாற்ற வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், எந்திரத் தொழில் கற்பிக்கும் ஒரு பயிற்சி நிலையத்தில் படித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் கிள்ளானில் நம்மைச் சந்தித்தார். தோட்டத்தில் பிறந்த பெற்றோரின் மகன், தமிழ்ப்பள்ளி மாணவர். அவர் இயக்கிய சிஎன்சி எந்திரம், அதாவது கணினி எண்வழிக் கட்டுப்பாட்டு எந்திரம், வட்டமாக வெட்ட வேண்டிய இடத்தில் சற்றே நீள்வட்டமாக வெட்டியது. உலோகத்தின் குற்றமா, எந்திரத்தின் உடற்குற்றமா, மென்பொருளின் குற்றமா என்று அவர் பல நாள் தேடினார். இறுதியில், உணரி அனுப்பும் செய்தி கணினியைச் சேரும் நேரம் ஓர் அச்சுக்கும் மற்றோர் அச்சுக்கும் வேறுபட்டிருந்ததே காரணம் எனக் கண்டார். அதைத் தம் தந்தையிடம் தமிழில் விளக்க முயன்றபோது, “மெஷின் லேட்டாகுதுப்பா” என்பதற்கு மேல் அவருக்குச் சொல் வரவில்லை. “ஐயா, இதற்குத் தமிழில் சரியான சொல் என்ன?” என்று நம்மைக் கேட்டார்.

“தாமதம்” என்று உடனே சொன்னோம். வீடு திரும்பும் வழியிலேயே அந்த விடை நமக்கு நிறைவளிக்கவில்லை. ஒரு சொல்லைத் தருவதற்கு முன் பொருளை அறிய வேண்டும். பொருளை அறிய அதன் வரலாற்றை அறிய வேண்டும். அத்தேடலின் பயனே இவ்வுரை.

1. ஒரு நொடிக்குள் நான்கு படிகள்

காலத்தை நுணுகி அளக்கும் பழக்கம் தமிழ் இலக்கணத்திற்குப் புதியதன்று. எழுத்தொலியின் கால அளவை மாத்திரை என வகுத்த தொல்காப்பியர், இயல்பாகக் கண் இமைக்கும் நேரத்தையும் கைந்நொடிக்கும் நேரத்தையும் அதற்கு அளவாகக் கொண்டார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. இன்று அறுபதில் ஒரு பங்கு நிமிடத்தைக் குறிக்கும் ‘நொடி’ என்னும் சொல், விரல் சொடுக்கும் ஓசையிலிருந்து பிறந்தது.

நம் இலக்கண மரபு அத்துடன் நிற்கவில்லை. மரபாக வழங்கிவரும் ஒரு பழஞ்சூத்திரம், அந்த ஒற்றைச் சொடுக்கையே நான்கு படிகளாகப் பகுக்கிறது. நினைப்பு எழும்போது கால் மாத்திரை. விரல்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும்போது அரை. அவை திரியும்போது முக்கால். விடுபட்டு ஓசை எழும்போது ஒன்று. இதனை மாணவர்கள் மனப்பாடப் பகுதியாகவே கருதிவிடுகின்றனர். இதில் அடங்கியிருக்கும் கருத்தோ மிக ஆழமானது. எண்ணத்திற்கும் செயலுக்கும் இடையே வெற்றிடம் இல்லை, படிகள் உள்ளன. ஒவ்வொரு படியும் தன் பங்கிற்குச் சிறிது காலத்தை எடுத்துக்கொள்கிறது என்பதே அக்கருத்து.

இன்றைய கட்டுப்பாட்டுப் பொறியியல் சொல்வதும் இதனையே. உணரி நிலையை அளத்தல், அளவு கம்பி வழியே செல்லுதல், மென்பொருள் அதனைக் கணித்தல், ஆணை மோட்டாரைச் சேர்ந்து அசைவு பிறத்தல் என நான்கு படிகள் அங்கும் உண்டு. படிகளின் பெயர் வேறு. கூட்டிப் பார்க்கும் முறை ஒன்றே.

2. கிள்ளான் பாதையும் கையில் ஏந்திய உரிமையும்

இப்பள்ளத்தாக்கில் செய்திக்கும் செயலுக்கும் இடைப்பட்ட காலம் உயிர்ப் பிரச்சினையாக முதன்முதலில் உருவெடுத்தது எந்திரத் தொழிற்கூடத்தில் அன்று, இருப்புப்பாதையில். கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவையும் இணைத்த பாதை 1886இல் திறக்கப்பட்டது. 1890இல் ஆற்றின்மேல் பாலம் அமைந்தபின் வண்டிகள் கிள்ளான் நகருக்குள் நுழைந்தன. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. அதே 1901இல் பேராக், சிலாங்கூர் இருப்புப்பாதைகள் ஒன்றிணைந்து ஐக்கிய மலாய் மாநில இரயில்வே உருவாயிற்று. அதன் முதல் பொது மேலாளரான சார்லஸ் எட்வின் ஸ்பூனர், இலங்கைப் பொதுப்பணித் துறையில் பணியாற்றிவிட்டு மலாயாவுக்கு வந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் இங்கு வந்து சேர்ந்தனர். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் பாதை அமைத்தனர், பழுது பார்த்தனர், செந்தூல் பணிமனையில் உழைத்தனர். பிரிக்பீல்ட்ஸில் எழுந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ போன்ற குடியிருப்புகள் அவர்களுடைய தலைமுறைகளின் வாழிடங்களாயின.

ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிலையம் மற்றொன்றுக்குத் தந்தி அடித்து, வழி வெறுமையாக உள்ளதா என்று கேட்கலாம். ஆனால் தந்திச் செய்தி, அனுப்பிய கணத்தின் உண்மையையே சொல்லும். அதைப் படிக்கும் கணத்தில் அவ்வுண்மை மாறியிருக்கக்கூடும். 1874 செப்டம்பரில் இங்கிலாந்தின் நாரிச் நகருக்கு அருகே தார்ப் என்னுமிடத்தில் நிகழ்ந்தது இதுவே. எதிர்வண்டியை அனுப்பலாம் என்ற தந்தி, முறையான ஒப்பமின்றி முன்கூட்டியே சென்றுவிட்டது. தவற்றை உணர்ந்து அதனை நிறுத்துமாறு மறுதந்தி அடித்தபோது வண்டி புறப்பட்டுவிட்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அந்நிகழ்ச்சியின் பின் எட்வர்ட் டயர் என்பவர் 1878இல் ஒரு மின்பொறியை உருவாக்கினார். ஒரு பகுதியின் இரு முனைகளிலும் இரண்டு பெட்டிகள், அவற்றில் வில்லைகள். இரு பெட்டிகளும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு வில்லை வெளியே எடுக்கப்பட்டால், அது ஏதேனும் ஒரு பெட்டிக்குள் திரும்பும்வரை மற்றொரு வில்லை எந்த முனையிலும் வெளிவராது. அவ்வில்லையைக் கையில் பெற்ற ஓட்டுநரே அப்பகுதிக்குள் நுழையலாம். இதே கருத்தில் அமைந்த சாவி வடிவ டோக்கன்கள் மலாயாப் பாதைகளிலும் வழங்கின. சிங்கப்பூர் புக்கிட் தீமா நிலையத்தில், அந்நிலையம் மூடப்பட்ட 2011 ஜூன் 30 வரையிலும், ஓடும் வண்டியின் ஓட்டுநருக்கும் நிலைய ஊழியருக்கும் இடையே வளையத்தில் கோத்த டோக்கன் கைமாறியதை நம்மில் பலர் கண்டிருப்போம்.

இதன் நுட்பம் எங்கே உள்ளது? செய்தி பழையதாகலாம், கையில் உள்ள பொருள் பழையதாகாது. டயர் செய்தியைப் பொருளாக மாற்றினார். செய்தி வந்துசேர எவ்வளவு நேரமானாலும் இரு வண்டிகள் ஒரே பகுதிக்குள் நுழைய இயலாது; மிஞ்சிப் போனால் ஒரு வண்டி காத்திருக்கும். சுணக்கத்தை அவர் ஒழிக்கவில்லை, அதன் நச்சுப்பல்லைப் பிடுங்கினார். சுணக்கத்தை எதிர்கொள்ள மனிதர் கண்ட முதல் வழி இது: உறுதிப்படும்வரை செயற்படாதிருத்தல்.

ஆனால் காத்திருக்க இயலாத எந்திரங்களும் உண்டு.

3. திருத்தமே பிழையாகும் விதம்

நீராவி எந்திரத்தின் வேகத்தைச் சீராக வைக்க ஜேம்ஸ் வாட் 1788இல் சுழல்குண்டுச் சீராக்கியைப் பொருத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் தளர்ந்தால் அவை சுருங்கி நீராவியைக் கூட்டும். உணர்வதும் திருத்துவதும் ஒரே பொறியில் அமைந்த எளிய கட்டுப்பாட்டு வளையம் அது. எனினும் சில எந்திரங்கள் சீர்ப்படாமல், வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக ஓயாது ஊசலாடின. 1868இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், இத்தகைய சீராக்கிகள் எப்போது நிலைபெறும், எப்போது ஊசலாடும் என்பதைக் கணித முறையில் ஆராய்ந்து கட்டுரை எழுதினார்.

ஊசலாட்டத்தின் வேரை உணரக் கணிதம் வேண்டுவதில்லை. கிள்ளான் துறைமுகத்திற்குள் நுழையும் பெருங்கப்பலை எண்ணிப் பாருங்கள். சுக்கானைத் திருப்பியவுடன் கப்பல் திரும்பாது. சற்று நேரம் கழித்தே திரும்பத் தொடங்கும். அனுபவமற்ற ஒருவர், “இன்னும் திரும்பவில்லையே” எனக் கருதி மேலும் திருப்புவார். கப்பல் திரும்பும்போது அளவுக்கு மிஞ்சித் திரும்பும். அவர் பதறி எதிர்ப்புறம் திருப்புவார், அதுவும் மிஞ்சும். அவருடைய ஒவ்வொரு திருத்தமும் நேர்மையானதே. ஆயினும் அது இப்போதைய கப்பலுக்கு உரிய திருத்தம் அன்று. சற்று முன்பிருந்த கப்பலுக்கு உரியது. பழைய செய்தியின்மீது வலுவான திருத்தம் செய்தால், திருத்தமே பிழையை வளர்க்கும்.

ஆகவே சுணக்கம் மிக மிக, திருத்தத்தின் வலுவைக் குறைத்தாக வேண்டும். இது இரண்டாவது வழி: மெல்லத் திருத்துதல். அதற்கும் ஒரு விலை உண்டு. மெல்லத் திருத்தும் எந்திரம், தான் இருக்க வேண்டிய இடத்திற்குப் பின்னாலேயே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

4. எண்வழி எந்திரம்

உலோகம் வெட்டும் எந்திரத்தை எண்களால் ஆளும் முயற்சி, ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவைத் துல்லியமாக வெட்ட வேண்டிய தேவையிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் பார்சன்ஸ், அந்நாட்டு விமானப் படையின் ஆதரவுடன் அதனைத் தொடங்கினார். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சர்வோ ஆய்வகம், துளையிட்ட நாடாவில் எழுதிய எண்களைப் படித்து மூன்று அச்சுகளில் இயங்கும் மில்லிங் எந்திரத்தை 1952இல் இயக்கிக் காட்டியது. பின்னர் வெற்றிடக் குழாய்களின் இடத்தில் கணினி அமர்ந்தது.

அந்த எந்திரங்கள் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வந்த காலம், நம் மக்கள் தோட்டங்களை விட்டு வெளியேறிய காலமும் ஆகும். ரப்பரும் செம்பனையும் வளர்ந்த நிலத்தில் ஷா ஆலம் நகரம் எழுந்து, 1978இல் சிலாங்கூரின் தலைநகராயிற்று. 1985இல் அங்கே புரோட்டோன் சாகா மகிழுந்து உருவானது. சுங்கைவேயிலும் ஷா ஆலத்திலும் கிள்ளானிலும் எழுந்த தொழிற்சாலைகள் தோட்டப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டன. விடியற்காலையில் பெரட்டுக்கு மணி அடித்தால் எழுந்தோடிய தலைமுறையின் மக்கள், மில்லி நொடிகளில் இயங்கும் எந்திரத்தின் முன் நின்றனர். ஒரு மில்லி நொடி என்பது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. தொல்காப்பியர் அளவாகக் கொண்ட ஒரு கண்ணிமைப்பிற்குள் இவ்வெந்திரம் உணர்தலும் திருத்தலுமாக நூறு முறைக்கும் மேலாகச் சுற்றி வந்துவிடும்.

இத்துணை விரைந்து இயங்கும் எந்திரத்தில் ஒரு மில்லி நொடி பெரிதா? கணக்கிட்டுப் பார்ப்போம். மேசை நிமிடத்துக்கு 12 மீட்டர் வேகத்தில் நகர்கிறது எனில், நொடிக்கு 200 மில்லிமீட்டர். ஒரு மில்லி நொடியில் அது 0.2 மில்லிமீட்டர் கடந்துவிடும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிழையையே பெரிதெனக் கருதும் தொழிலில் இது பொறுக்கத்தக்கதன்று.

மேசையின் நிலையை அளக்கும் என்கோடர் தன் அளவை ஓர் இமைப்பில் அறிவிக்கிறது. கட்டுப்பாட்டுக் கணினி அதனை உடனே படிப்பதில்லை. தன் அடுத்த சுற்று வரும்வரை காத்திருந்து படிக்கிறது. பிறகு செய்தி கம்பியில் செல்கிறது; மென்பொருள் கணக்கிடுகிறது; ஆணை பிறக்கிறது; மோட்டாரில் மின்னோட்டம் ஏறுகிறது. இவ்வளவும் முடிவதற்குள் என்கோடர் அளந்த இடத்தில் மேசை இல்லை.

இங்கே நாம் தொடக்கத்தில் கண்ட இளைஞரின் நீள்வட்டத்துக்குத் திரும்புவோம். இரண்டு அச்சுகளும் ஒரே அளவு சுணங்கினால் பெருந்தீங்கு இல்லை. வெட்டுமுனை சரியான பாதையிலேயே சற்றுப் பிந்திச் செல்லும். ஓர் அச்சு மட்டும் மற்றதைவிட ஒரு மில்லி நொடி கூடுதலாகச் சுணங்கினால், வட்டம் மூலைவாக்கில் இழுபட்டு நீள்வட்டமாகும். நிமிடத்துக்கு 6 மீட்டர் வேகத்தில் அந்நீள்வட்டத்தின் நெடிய விட்டமும் குறுகிய விட்டமும் 0.2 மில்லிமீட்டர் வேறுபடும்.

இதனைக் கண்டறியும் முறை ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லத்தக்கது. வேகத்தைப் பாதியாகக் குறைத்து மீண்டும் வெட்டிப் பார்க்க வேண்டும். நீள்வட்டத்தின் பிழையும் பாதியானால், குற்றம் காலத்தில் உள்ளது. வேகம் குறைந்தும் பிழை குறையாவிடில், அச்சுகள் செங்குத்தாக அமையாதது போன்ற உடற்குற்றமே காரணம். இன்னொரு சோதனையும் உண்டு. வலஞ்சுழியாக வெட்டியதை இடஞ்சுழியாக வெட்டிப் பார்த்தால், காலக் குற்றத்தில் நீள்வட்டம் சாயும் திசை மாறிவிடும், உடற்குற்றத்தில் மாறாது. அந்த இளைஞர் வேகத்தைக் குறைத்துப் பார்த்தே உண்மையைக் கண்டார். பல நாள் தேடியது ஒரு மணி நேரத்தில் தெளிந்தது என்றார். எதைத் தேட வேண்டும் என்பதற்கு முன்பே ஒரு சொல் இருந்திருந்தால், அந்தப் பல நாள்களும் அவருக்கு மிஞ்சியிருக்கும்.

5. சீரான சுணக்கமும் சீரற்ற சுணக்கமும்

1796இல் கிரீனிச் வானியல் நிலையத்தின் தலைவர் நெவில் மாஸ்கெலின், தம் உதவியாளர் டேவிட் கின்னபுரூக்கைப் பணியினின்று நீக்கினார். தொலைநோக்கியின் நூலிழையை விண்மீன் கடக்கும் நேரத்தை உதவியாளர் தம்மைவிட ஏறத்தாழ 0.8 நொடி பிந்திக் குறித்தார் என்பதே காரணம். சில பத்தாண்டுகள் கழித்து ஜெர்மானிய வானியலறிஞர் பெசல், இச்செய்தியைக் கருத்திற்கொண்டு தம்மையும் பிற வானியலறிஞர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஒவ்வொருவருக்கும் கண்டதற்கும் குறிப்பதற்கும் இடையே தத்தமக்கே உரிய வேறுபாடு உண்டு என்பது தெரியவந்தது. அது சோம்பல் அன்று, இயல்பு. அவ்வேறுபாடு ஓரளவு சீராக இருக்குமாயின், அளந்து கழித்துவிடலாம். கின்னபுரூக் இழந்த வேலை திரும்பவில்லை. ஆனால் அறிவியலுக்கு ஓர் அரிய உண்மை கிடைத்தது.

தொடு உணரியின் கதையும் இதுவே. இங்கிலாந்தில் டேவிட் மெக்மர்ட்ரி, கான்கார்ட் விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினுக்கான பாகங்களை அளக்க 1970களின் தொடக்கத்தில் ஒரு தொடு உணரியை உருவாக்கினார். அதன் முனை பொருளைத் தொட்டதும் ஒரு குறிகை எழும். குறிகை எழுந்து, எந்திரம் தன் நிலையைப் படிப்பதற்குள், முனை மேலும் சிறிது தூரம் நகர்ந்திருக்கும். அதனால் அளவு பிழையாகுமா? ஆகாது. அளவு தெரிந்த ஒரு வளையத்தை அதே வேகத்தில் முதலில் தொட்டுப் பார்த்து, எவ்வளவு மிகுகிறது எனக் குறித்துக்கொண்டால், பின்னர் ஒவ்வொரு அளவிலும் அதனைக் கழித்துவிடலாம். இதற்கு வேண்டியன இரண்டே: வேகம் மாறக் கூடாது, சுணக்கமும் மாறக் கூடாது.

சுணக்கம் ஒருமுறை 1 மில்லி நொடியாகவும் மறுமுறை 3 மில்லி நொடியாகவும் இருந்தால் எதைக் கழிப்பது? இத்தீமை பொதுப் பயன்பாட்டுக் கணினிகளால் வரும். அவை எந்திரத்தைக் கவனித்துக்கொண்டே திரையை வரையும், கோப்பைச் சேமிக்கும்; அவ்வேலைகளின் நடுவே எந்திரம் காத்திருக்கும். அதனால்தான் ‘லினக்ஸ் சிஎன்சி’ என்னும் கட்டற்ற மென்பொருள், கணினியின் சுணக்கம் எந்த அளவுக்குத் தாவுகிறது என்று அளந்து பார்க்கத் தனியே ஒரு சோதனை நிரலையும் உடன் தருகிறது. 2003இல் அறிமுகமான ஈதர்கேட் போன்ற வலைப்பின்னல்கள், எல்லா அச்சுகளின் கடிகாரங்களையும் நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வேறுபாட்டில் ஒன்றுபடுத்துகின்றன.

பொதுக் கடிகாரத்தின் தேவையை இந்நாடு முன்பே உணர்ந்ததுண்டு. ஊருக்கு ஊர் வேறுபட்ட நேரம் ஒரே நேரமாக்கப்பட்டது. தீபகற்பத்தின் கடிகாரங்கள் 1982 சனவரி முதல் நாளில் அரைமணி நேரம் முன்னே தள்ளப்பட்டு, சபா, சரவாக்கின் நேரத்தோடு இணைந்தன. நிலையங்களுக்கு ஒரே கடிகாரம் வேண்டியது போலவே அச்சுகளுக்கும் வேண்டியிருக்கிறது.

6. பேச்சு என்னும் எந்திரம்

மூன்றாவது வழி ஒன்றுண்டு. அது நம் துறைக்கு உரியது.

பேசுபவர் தம் குரலைத் தாமே கேட்டுத் திருத்திக்கொண்டே பேசுகிறார். 1950இல் பெர்னார்ட் லீ என்பவர், பேசுபவரின் குரலை ஒலிப்பதிவுக் கருவி வழியாகச் சிறிது பிந்தி அவர் காதிலேயே ஒலிக்கச் செய்தால், அவர் திக்கித் தடுமாறுவதைக் காட்டினார். ஏறத்தாழ 0.2 நொடிச் சுணக்கம் இதற்குப் போதும். திக்குவாய் இல்லாதவரும் திக்குவர். உணரி காது, இயக்கி நாக்கு, இடையே வந்த சுணக்கம் மனிதரையும் ஊசலாட வைக்கிறது.

அவ்வாறாயின் உரையாடல் எவ்வாறு நிகழ்கிறது? ஒருவர் பேசி முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே உள்ள இடைவெளியைப் பத்து மொழிகளில் அளந்த ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. அந்த இடைவெளி பொதுவாக 0.2 நொடி அளவிலேயே அமைகிறது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரை உரைக்கவே ஏறத்தாழ 0.6 நொடி வேண்டும். எனவே கேட்பவர், பேசுபவர் முடிக்கும் முன்னரே முடிவை ஊகித்து மறுமொழியை ஆயத்தம் செய்துவிடுகிறார். வினைமுற்று இறுதியில் வரும் தமிழில் வேற்றுமை உருபுகளும் எச்சங்களும் இவ்வூகத்துக்கு வழிகாட்டுகின்றன என்பதை ஆசிரியர்கள் வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தொடரை வினைக்கு முன் நிறுத்துங்கள். மாணவர்கள் வினையைத் தாமே நிரப்புவர்.

எந்திரமும் இதனையே செய்யக் கற்றுக்கொண்டது. பிழை தோன்றியபின் திருத்துவதோடு நில்லாமல், வரவிருக்கும் பாதையை முன்கூட்டியே படித்து, வேண்டிய விசையை முன்னதாகவே அளிக்கிறது. காத்திருத்தல், மெல்லத் திருத்தல், முன்னுணர்தல் ஆகிய மூன்றுமே சுணக்கத்தை எதிர்கொள்ளும் வழிகள்.

7. ஓட்டுநர் இல்லாத வண்டி

மீண்டும் பிரிக்பீல்ட்ஸுக்கு வருவோம். பழைய இரயில்வே நிலத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. அதன்வழிச் செல்லும் கிளானா ஜெயா எல்ஆர்டி 1998இல் ஓடத் தொடங்கியது முதல் ஓட்டுநரின்றி இயங்குவது. அங்கே டோக்கனும் இல்லை, கைகாட்டியும் இல்லை. தண்டவாளங்களுக்கிடையே கிடக்கும் கம்பி வளையம் 25 மீட்டருக்கு ஒருமுறை குறுக்கே மாறுகிறது. அந்த மாற்றங்களை எண்ணியும் சக்கரச் சுழற்சியை அளந்தும் வண்டி தன் இடத்தை அறிந்து அறிவிக்கிறது. பின்வரும் வண்டிக்கு, முன்வண்டி எங்கே உள்ளது என்பதைப் பொறுத்து நகரும் எல்லை ஒன்று வகுக்கப்படுகிறது.

நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியைப் பற்றிய செய்தி அரை நொடி பழையதாயின், 10 மீட்டர் பிழை. அதனையும் சேர்த்தே பாதுகாப்பு இடைவெளி கணக்கிடப்படுகிறது. டயரின் பொருள், மீண்டும் செய்தியாகியது. அச்செய்தி எவ்வளவு பழையது என்று அறிந்திருப்பதே பாதுகாப்பாகியது.

2021 மே 24 இரவு, கேஎல்சிசி, கம்போங் பாரு நிலையங்களுக்கிடையே சுரங்கப் பாதையில் இரு வண்டிகள் மோதின. ஒன்று 213 பயணிகளுடன் தானாக இயங்கியது. மற்றொன்று பயணிகளின்றி மனிதரால் ஓட்டப்பட்டது. 47 பேர் பலத்த காயமுற்றனர். இயக்கத்தில் நேர்ந்த மனிதத் தவறே காரணமெனப் பின்னர் அறிவிக்கப்பட்டது. இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று. ஒரு வண்டியைத் தானியங்கு முறை ஓட்டாமல் மனிதர் ஓட்டும்போது, மனிதர் மனிதருக்குச் சொல்லும் சொல்லே குறிகையாகிறது. அந்தச் சொல் தெளிவாக இருக்க வேண்டும். உரிய நேரத்தில் சேர வேண்டும். சேர்ந்ததென்று மறுமொழி வர வேண்டும்.

8. சொல்

இனி, அந்த இளைஞரின் வினாவுக்கு விடை.

‘தாமதம்’ என்பது முக்குணங்களுள் ஒன்றான தாமத குணத்தோடு உறவுடைய சொல். மந்தம், சோம்பல் என்னும் பழிச்சுவை அதில் ஒட்டியிருக்கிறது. கின்னபுரூக்குக்கு இழைக்கப்பட்ட அநீதி, சுணக்கத்தைச் சோம்பலாகக் கருதியதால் விளைந்தது என்பதை நினைவிற்கொள்க. மேலும், எல்லாவற்றுக்கும் ‘தாமதம்’ என்றே சொன்னால் வேறுவேறான மூன்று பொருள்கள் ஒன்றாகக் குழம்பும்.

பிரிக்பீல்ட்ஸின் யாழ்ப்பாண வழித்தோன்றல்களின் வீடுகளில் நாம் கேட்ட சொல் வேறு. “வண்டி சுணங்கிப் போச்சு” என்பார்கள். “சுணங்காமல் வா” என்பார்கள். சுணங்குதல் என்பது காலம் நீளுதல். யார்மீதும் பழி சாராதது. இருப்புப்பாதையில் வாழ்ந்தவர்கள் இந்நாட்டுக்குக் கொண்டுவந்த இச்சொல் எந்திரத்துக்குப் பொருந்துகிறது.

ஆகவே நாம் முன்வைப்பது இது. உணர்வுக்கும் செயலுக்கும் இடைப்பட்ட காலம் சுணக்கம். மில்லி நொடியில் அளப்பது. அதனால் எந்திரம் இருக்க வேண்டிய இடத்திற்கும் இருக்கும் இடத்திற்கும் உண்டாகும் தொலைவு பின்தங்கல், மில்லிமீட்டரில் அளப்பது. சுணக்கம் முறைக்கு முறை மாறுவது சுணக்கச் சீரின்மை. இதற்கு ‘நடுக்கம்’ என்று சொல்லலாமே எனச் சிலர் கருதலாம். நடுக்கம் என்று கேட்ட தொழிலாளி, எந்திரம் அதிர்கிறது என்றெண்ணித் தாங்கு உருளைகளைக் கழற்றத் தொடங்குவார். கலைச்சொல் தவறான இடத்தைச் சுட்டினால், கை தவறான இடத்துக்குப் போகும்.

பெயர் தெரியாத மக்கள், உயர்ந்த கம்பத்தில் ஏறி இறங்கும் தகட்டைப் பார்த்து ‘கைகாட்டி’ என்று பெயரிட்டார்கள். பேரவை கூடவில்லை, அகராதி பார்க்கவில்லை. பார்த்ததைச் சொன்னார்கள், சொல் நிலைத்தது. நம் மாணவர்கள் இன்று பார்ப்பதைச் சொல்லும் துணிவை அவர்களுக்குத் தருவது ஆசிரியர்களாகிய நம் கடமை. அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே வகுப்பில் ஒருநாள் அமர்ந்து, விரலைச் சொடுக்கச் சொல்லி, அதன் நான்கு படிகளை மாணவர்களைக் கொண்டே எண்ணச் செய்யுங்கள். மாத்திரையும் கட்டுப்பாட்டு வளையமும் ஒரே பாடமாகும்.

அந்த இளைஞருக்கு இவ்விடையைக் கடிதமாக எழுதி அனுப்பினோம். வினாவுக்கும் விடைக்கும் இடையே இரண்டு ஆண்டுகள் சென்றுவிட்டன. நம் சுணக்கத்தை அவர் பொறுத்துக்கொள்வார் என நம்புகிறோம்.